மணி அடித்தால் ஆள் வர வேண்டாமா?

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



பஞ்சப்படி, போனஸ், கூலி உயர்வு, மனைப்பட்டா என்று இந்த மேடையில் எத்தனையோ பேசியிருக்கிறோம். இன்றைக்கு வேறொரு விஷயம். மனம் உடைந்து, உயிரை விட்டுவிடலாம் என்ற எல்லைக்குப் போய்விட்ட ஒருவனுக்கு, புத்தி தடுமாறி நிற்கும் ஒருத்திக்கு, அந்த நெருக்கடியான ராத்திரியில் துணைக்கு வருவது யார்? அப்படி வருகிறவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். “சங்க மேடையில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி விவகாரம் எதற்கு?” என்று பின்வரிசையில் ஒரு தோழர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. முதல் பதில் அவருக்கே. அந்தப் ‘பைத்தியம்’ என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள், தோழரே. காய்ச்சல் வந்தவனுக்கு நாம் பட்டப்பேர் வைப்பதில்லை.

இனி கணக்கைப் பாருங்கள். மத்திய சர்க்காரின் குற்றப் பதிவுத் துறை ஆண்டுதோறும் வெளியிடுகிற கணக்கு இது. 2022-ம் ஆண்டில் இந்தியா முழுவதும் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். விவசாயத் தொழிலாளர் மட்டும் 6,083 பேர்; விவசாயிகள் 5,207 பேர். நிலமில்லாதவனின் சாவு நிலமுள்ளவனின் சாவைவிட ஜாஸ்தி. ஆனால் அவன் சாவைப் பற்றிச் சட்டசபையில் எத்தனை முறை பேசியிருக்கிறார்கள்? தமிழ்நாட்டில் அந்த ஆண்டு இறந்தவர்கள் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். ஒரு நாளைக்கு 54 உயிர். ஒரு டவுன் பஸ் நிறைய ஜனம் தினமும் போய்க்கொண்டிருக்கிறது.

காரணம் என்ன என்று அதே கணக்கில் ஒரு பத்தி இருக்கிறது. நூற்றுக்கு 32 பேருக்குக் ‘குடும்பப் பிரச்னை’. நூற்றுக்கு 18 பேருக்கு ‘நோய்’. கந்துவட்டிக்காரன் வாசலில் நின்று ஏசிவிட்டுப் போனால், அன்று ராத்திரி அந்த வீட்டில் சண்டை வராமல் என்ன செய்யும்? விடிந்ததும் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் ‘குடும்பப் பிரச்னை’ என்று எழுதி முடித்துவிடுவார். கடன்காரன் பெயர் அந்தக் காகிதத்தில் வராது. ஆட்குறைப்புச் செய்த முதலாளி பெயரும் வராது.

இதைச் சொன்னதும் நம் தோழர்களில் சிலர் சொல்லுவார்கள்: “அப்படியானால் கூலி உயரட்டும், கடன் ஒழியட்டும், இந்தச் சாவெல்லாம் தானாக நின்றுவிடும். அதற்குப் போராடினால் போதாதா?” இதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியைப் பாருங்கள். கார்டிங் மிஷினில் ஒரு தொழிலாளியின் கை சிக்கிவிட்டது. மிஷினுக்குக் காப்பு போடச் சொல்லிப் போராட்டம் நடக்கிறது, அதுவரை பொறுத்துக்கொள் என்று அவனிடம் சொல்லுவோமா? ரத்தத்தை நிறுத்தத் துணியை எடுத்துக்கொண்டு ஓடமாட்டோமா? இதுவும் அப்படித்தான். மேலும், வறுமையே காரணமில்லாத மனநோய்களும் இருக்கின்றன. அவை பங்களாவிலும் வரும், சேரியிலும் வரும். பங்களாக்காரனுக்குக் காரும் டாக்டரும் வாசலில் நிற்கும். சேரிக்காரனுக்கு என்ன நிற்கிறது?

இதற்கு நேர்மாறான தந்திரம் ஒன்றும் இருக்கிறது. அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூலிப் பாக்கி கேட்டு வந்தவனை, “உனக்கு மன அழுத்தம், கவுன்சலிங் போ” என்று அனுப்புகிற மானேஜர்கள் கிளம்பியிருக்கிறார்கள். கூலிப் பாக்கிக்கு மருந்து கூலிதான். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

சரி, ஒரு ராத்திரியை எடுத்துக்கொள்ளுவோம். மணி பதினொன்று. கடைசி பஸ் போய்விட்டது. ஒரு குடிசையில் வீட்டுக்காரன் நாலு நாளாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று சுவரோடு பேசுகிறான். மனைவி நடுங்குகிறாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநல டாக்டர் கிடையாது. தாலுகா ஆஸ்பத்திரிக்கு அவர் முறை வைத்து வருவார், அந்த நாள் போய்விட்டது. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி 40 மைலுக்கு அப்பால். அவள் யாரைக் கூப்பிடுவாள்? ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிடுவாள். அவர்கள் கயிற்றை எடுத்துக்கொண்டு வருவார்கள். காலையில் கோவிலுக்கோ தர்காவுக்கோ கொண்டுபோவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சர்க்கார் வராத இடத்துக்கு அவர்களாவது வந்தார்கள்.

அந்தப் பாதை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி காட்டிவிட்டது. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலை, தனியார் நடத்திய கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த நோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் வெந்து செத்தார்கள். அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்? மில் முதலாளி வீட்டுப் பிள்ளை ஒருவனாவது அந்தச் சங்கிலியில் இருந்திருப்பானா?

ஏர்வாடிக்குப் பிறகு சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்தது. சட்டமும் பிற்பாடு வந்தது. 2017-ல் இயற்றி, 2018 மே 29 முதல் அமலில் இருக்கிற மனநலப் பராமரிப்புச் சட்டம் அது. சட்டம் மோசமில்லை, தோழர்களே. நான் படித்துப் பார்த்தேன். அதன் 18-வது பிரிவு, சர்க்கார் நடத்துகிற அல்லது சர்க்கார் பணத்தில் நடக்கிற மனநல சிகிச்சை ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு இலவசம் என்கிறது. 100-வது பிரிவின்படி, போலீஸ் அழைத்துப் போகும் மனநோயாளியை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது சர்க்காரின் கடமை என்று சொல்லுகிறது. 2024 ஜூலை 1 முதல் அமலான புதிய குற்றவியல் சட்டத்தில் தற்கொலை முயற்சிக்கான அந்தப் பழைய 309-வது பிரிவே இல்லை. ஆகவே போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். இதை உங்கள் தெருவில் சொல்லுங்கள்.

சட்டம் எழுதியாகிவிட்டது. பணம்?

2022 அக்டோபர் 10-ந் தேதி மத்திய சர்க்கார் ‘டெலி மானஸ்’ என்று ஒரு டெலிபோன் சேவையைத் தொடங்கியது. நம்பர் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் அதே மாதம் தொடங்கினார்கள். இதை நாம் வரவேற்கிறோம். நல்ல காரியத்தை நல்ல காரியம் என்று சொல்ல நமக்கு வெட்கமில்லை. நாடு முழுவதும் லட்சக்கணக்கான ஜனங்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் கூப்பிடுகிறவர்கள் கூடக் கூட, பணம் என்ன ஆயிற்று தெரியுமா? 2023-24 மத்திய பட்ஜெட்டில் இந்தச் சேவைக்கு ஒதுக்கியது சுமார் 134 கோடி ரூபாய். 2024-25-ல் 90 கோடி. 2025-26-ல் சுமார் 80 கோடி. 140 கோடி ஜனத்தொகைக்கு 80 கோடி ரூபாய் என்றால் தலைக்கு 57 பைசா. ஒரு கிளாஸ் டீ 12 ரூபாய் என்று வைத்தால், அந்த ஒரு டீயின் விலையில் 20 பேருக்கு ஓராண்டுப் பாதுகாப்பு!

பணம் இல்லையா? 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள். அதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று அறிவித்தவர்கள் அவர்களேதான். அதற்குக் கஜானாவில் இடமிருந்தது.

இந்தக் கதை புதிதல்ல. தேசிய மனநலத் திட்டம் 1982-ல் வந்தது. கர்நாடகத்தின் பெல்லாரி ஜில்லாவில் நடத்திப் பார்த்து, 1996 முதல் மாவட்ட மனநலத் திட்டம் என்று பரப்பினார்கள். மத்திய சர்க்கார் முதல் 5 ஆண்டுக்குப் பணம் தரும், பிறகு மாநிலம் தன் தலையில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஆறாவது ஆண்டு பிறந்ததும் பல மாநிலங்களில் வண்டி நின்றது. பிற்பாடு மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 83 லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு வைத்தார்கள். 20 லட்சம் பேர் உள்ள மாவட்டத்தில் தலைக்கு 4 ரூபாய் சொச்சம். அந்தப் பணத்தில் வைக்கப்படும் உளவியலாளரும் சமூகப் பணியாளரும் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்கள். அடுத்த ஆண்டு தன் வேலை இருக்குமா என்று தெரியாமல் தவிக்கிற பெண், எதிர்முனையில் அழுகிறவனுக்குத் தைரியம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஆலையில் காண்டிராக்ட் முறையை எதிர்க்கிற நாம், இதைக் கண்டும் காணாமல் இருக்கலாமா?

2015-16-ல் சர்க்காரே நடத்திய தேசிய மனநல ஆய்வு, நோய்க்கு நோய் வித்தியாசப்பட்டாலும் நூற்றுக்கு 70 முதல் 92 பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்று சொன்னது. அந்த ஆய்வுக்குப் பிறகும் மத்திய சுகாதார பட்ஜெட்டில் நூறு ரூபாய்க்குச் சுமார் ஒரு ரூபாய்தான் மனநலத்துக்கு. அதிலும் பெரும்பகுதி பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரிக்கே போகிறது. அது நல்ல ஆஸ்பத்திரி, கொடுக்கட்டும். கிராமத்துக்கு மிச்சம் என்ன என்பதுதான் கேள்வி.

பணக்கார தேசத்தில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் நமக்கு ஒரு பாடம் கிடைக்கும். நம் 14416 வந்த அதே 2022-ல், ஜூலை 16-ந் தேதி, அமெரிக்காவில் 988 என்ற நம்பர் வந்தது. அதற்கு முன்னாலேயே 2020-ல் சட்டம் செய்து, மாநிலங்கள் விரும்பினால் ஒவ்வொரு டெலிபோன் இணைப்புக்கும் மாதக் கட்டணம் போட்டு இந்தச் சேவையை நடத்தலாம் என்றார்கள். வாஷிங்டன் மாநிலம் மாதம் 24 சென்ட் என்று தொடங்கி 2023-ல் 40 சென்ட் ஆக்கியது. பெரும்பாலான மாநிலங்கள் டெலிபோன் கம்பெனிகளின் முகத்தைப் பார்த்தோ என்னவோ, கட்டணமே போடவில்லை. தன்பாலின ஈர்ப்புள்ளவர்களும் திருநர்களுமான இளைஞர்களுக்கென்று அந்த நம்பரில் ஒரு தனி இணைப்பு இருந்தது. 2025 ஜூலையில் அந்த நாட்டு சர்க்கார் அதை மூடிவிட்டது.

அதைவிட எனக்கு வருத்தம் தந்தது யூஜீன் என்ற ஊரின் கதை. ஆரிகன் மாநிலத்தில் இருக்கிறது. 1989 முதல் அங்கே ஒரு வேன் ஓடியது. அதில் மருத்துவ உதவியாளர் ஒருவர், மனநெருக்கடியில் பழகிய ஊழியர் ஒருவர். போலீஸ் இல்லை, துப்பாக்கி இல்லை. கூப்பிட்டால் வருவார்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்கள், வேண்டுமானால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். 2020-க்குப் பிறகு அமெரிக்காவில் பல ஊர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் தொடங்கின. அப்படி ஊருக்கெல்லாம் வழிகாட்டிய வேன், பணமுடையால் 2025 ஏப்ரலில் தன் சொந்த ஊரிலேயே நின்றுவிட்டது. 35 வருஷத்துக்கு மேல் ஓடியும் அதற்குக் கஜானாவில் நிலையான இடம் கிடைக்கவில்லை.

தீயணைப்பு நிலையத்தை எண்ணிப் பாருங்கள். இந்த மாதம் எங்கும் தீப்பிடிக்கவில்லை, ஆகவே சம்பளம் கிடையாது என்று அங்கே யாராவது சொல்லுகிறார்களா? வண்டியும் ஆளும் எப்போதும் தயாராக நிற்பதற்காகவே நாம் பணம் கொடுக்கிறோம். மன நெருக்கடிக்கும் அதே ஏற்பாடு வேண்டும். 14416 என்பது மணி. மணி அடித்தால் ஆள் வர வேண்டும்.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தவறிருந்தால் திருத்துங்கள். ஒவ்வொரு மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலும் ஒரு வண்டி. அதில் செல்ல மனநல நர்ஸ் ஒருவர், சமூகப் பணியாளர் ஒருவர், டிரைவர் ஒருவர். மூன்று ஷிப்டுக்கும் வார லீவுக்கும் சேர்த்து நாலு குழு, ஆக 12 பேர். 38 மாவட்டத்துக்கு 456 பேர். சராசரி மாதச் சம்பளம் 50 ஆயிரம் என்றால் ஆண்டுக்கு 27 கோடி சொச்சம். வண்டி, டீசல், மருந்து, பயிற்சி எல்லாம் சேர்த்து 40 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். டாஸ்மாக் மூலம் 2023-24-ல் மாநில சர்க்காருக்கு வந்த வருமானம் 45,855 கோடி. ஒரு நாளைக்கு 125 கோடி. மதியம் 12 மணிக்குக் கடை திறந்தால், மாலை 4 மணிக்குள் வசூலாகிவிடுகிற பணம்தான் இந்த 40 கோடி!

உடனே ஒரு தோழர் கேட்பார்: “அப்படியானால் சாராயப் பணத்திலிருந்தே இத்தனை சதவீதம் என்று ஒதுக்கச் சொல்லலாமே?” நான் வேண்டாம் என்பேன். சிகிச்சைக்குப் பணம் வர வேண்டுமானால் குடி பெருக வேண்டும் என்ற நிலைமையை நாமே உண்டாக்கலாகாது. குடித்துக் குடும்பம் கெட்டவன் பணத்திலேயே அவன் பெண்டாட்டிக்கு வைத்தியமா? அமெரிக்காக்காரன் போல டெலிபோனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று போடுவதும் சரியில்லை. தோட்டி வேலை செய்கிறவனுக்கும் கோடீஸ்வரனுக்கும் ஒரே 40 சென்ட்! தர்மப் பணமா? சென்னையில் ‘ஸ்நேகா’ என்ற அமைப்பு 1986 முதல் தொண்டர்களைக் கொண்டு, தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களிடம் பேசி வருகிறது. மிகவும் மதிக்கத்தக்க சேவை. ஆனால் நாலு நல்லவர்களின் மனசை நம்பி சர்க்கார் கையைக் கட்டிக்கொண்டிருப்பது நியாயமா? லாபத்துக்கும் சொத்துக்கும் ஏற்ற வரி வாங்கி, பொதுக் கஜானாவிலிருந்து, போலீசுக்கும் ஜெயிலுக்கும் ஒதுக்குவது போல ஆண்டு தவறாமல், நிரந்தர உத்தியோகங்களாக ஒதுக்க வேண்டும். திட்டம், மான்யம், ஐந்தாண்டு என்ற பேச்செல்லாம் கூடாது.

ஆலைத் தொழிலாளருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. நம் இ.எஸ்.ஐ. பணம். மாதம் 15 ஆயிரம் வாங்குகிற தொழிலாளி தன் சம்பளத்தில் 112 ரூபாய் 50 பைசா கட்டுகிறான், முதலாளி 487 ரூபாய் 50 பைசா கட்டுகிறான். நீண்டகால நோய்களுக்காக இ.எஸ்.ஐ. தருகிற கூடுதல் நோய்க்கால உதவிப் பட்டியலில் 34 நோய்கள் இருக்கின்றன. கடும் மனநோயும் அதில் ஒன்று. போதிய காலம் சந்தா கட்டியவருக்கு, கூலியில் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். இதை எத்தனை பேர் அறிவீர்கள்? ‘புத்தி சரியில்லை’ என்று கணக்குத் தீர்த்து அனுப்பப்பட்ட தொழிலாளிகளில் எத்தனை பேர் இதைக் கேட்டு வாங்கினார்கள்? சங்கக் கிளைகள் இதைக் கையில் எடுக்க வேண்டும். ஆலை விடுதிகளில் அடைபட்டிருக்கும் பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் அவசரம். கல்யாணப் பணம் என்று ஆசை காட்டி மூன்று வருஷம் கட்டிப்போடுகிற முறையை இந்தக் கொங்குச் சீமையிலும் திண்டுக்கல் பக்கத்திலும் நாம் கண்டிருக்கிறோம். செல்போனை வாங்கி வைத்துக்கொள்ளுகிற வார்டன் இருக்கும் இடத்தில் 14416 எப்படி ஒலிக்கும்? விடுதிக்குள் தனிமையில் பேச டெலிபோன் வேண்டும் என்பதும் நம் கோரிக்கையே.

விவசாயத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. அவனுக்கு இருப்பது பொதுக் கஜானா ஒன்றுதான். ஆகவே மாவட்டக் குழு வேண்டும் என்ற கோரிக்கையில் கிராமத்துத் தோழர்கள்தான் முன்னால் நிற்க வேண்டும். ஒன்றைச் சொல்ல வேண்டும்: மாநில சர்க்கார் எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2018 முதல் சில மாவட்டங்களில் தெருவில் திரியும் மனநோயாளிகளுக்கு மீட்பு மையங்கள் வந்திருக்கின்றன. 2023-ல் கொடிய பூச்சி மருந்துகள் ஆறுக்கு 60 நாள் தடை போட்டார்கள். 60 நாள் கழித்து ஜனங்களின் மனக்கஷ்டம் தீர்ந்துவிடும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது!

செய்ய முடியாத காரியத்தை நாம் கேட்கவில்லை. இத்தாலியில் ட்ரியெஸ்தே என்ற ஊரில் பஸாலியா என்ற டாக்டர் 1971-ல் பெரிய மனநோய் ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பேற்று, அதன் பூட்டுகளைத் திறந்துவிட்டார். 1978-ல் அந்த நாட்டில் 180-வது நம்பர் சட்டம் வந்தது. பழைய மாதிரி ஆஸ்பத்திரிகளை மூட வழி செய்த சட்டம் அது. அந்த ஊரில் பேட்டைதோறும் மனநல நிலையங்கள் வைத்தார்கள். இரவும் பகலும் கதவு திறந்திருக்கும், சில கட்டில்கள் இருக்கும், செலவு பொதுப்பணம். பூட்டுக்கும் காவலுக்கும் போய்க்கொண்டிருந்த பணத்தை ஆளுக்கும் வண்டிக்கும் திருப்பினார்கள். டாக்டர்களோடு நர்சுகளும் ஊழியர்களும் ஊர் ஜனங்களும் நின்றதால் நடந்த காரியம் இது.

நாம் செய்ய வேண்டியது என்ன? ஒவ்வொரு ஆலைக் கிளையும், ஒவ்வொரு கிராமக் கிளையும் மனு தயாரிக்க வேண்டும். மாவட்டத்தில் இரவுக் குழு இருக்கிறதா, எத்தனை பணியிடம் காலி, எத்தனை பேர் ஒப்பந்தத்தில், சென்ற ஆண்டு வந்த பணம் எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள், கும்பலாகப் போங்கள். மே 1 அன்று கிராம சபை கூடும். அது நம் நாள். தீர்மானத்தைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள், வாயால் சொன்னால் பதிவு செய்ய மாட்டார்கள்.

இதற்கிடையில், உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது சாவைப் பற்றிப் பேசினால், விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள். தனியாக விடாதீர்கள். வீட்டில் மருந்து டப்பா இருந்தால் அப்புறப்படுத்துங்கள். 14416-க்குப் போன் போடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

மனுத்தாள் இந்த மேஜைமேல் இருக்கிறது. ராத்திரி ஷிப்டுக்குப் போகிற தோழர்களுக்கு நேரமாகிறது. அவர்கள் முதலில் கையெழுத்துப் போட வழிவிடுங்கள்.